ரிப்பேர் பெஞ்ச்ல இருந்து சொந்த பாக்ஸ் வரைக்கும்: செட்டாப் பாக்ஸ் தயாரிப்புல வளர்றது எப்படி

போன வாரம் வேலந்தாவளத்துல இருந்து ரெண்டு பசங்க வந்திருந்தாங்க, ஐடிஐ முடிச்சுட்டு கேபிள் ஆபரேட்டர்ங்களுக்கு பாக்ஸ் ரிப்பேர் பண்ணிட்டு இருக்கறவங்க, "அண்ணா நாங்களும் சொந்தமா பாக்ஸ் செஞ்சு விக்கோணும், எங்கிருந்து ஆரம்பிக்கறது"ன்னு கேட்டாங்க. ரெண்டு மணி நேரம் பேசுனேன், அவங்க கெளம்பி போனப்புறம் பாத்தா பாதிதான் சொல்லிருக்கேன்னு தோணுச்சு, அதான் முழுசா எழுதிர்றேன், வேற யாருக்காச்சும் உதவும். நான் கொழிஞ்சாம்பாறைக்காரன், தமிழ்நாட்டு எல்லைய ஒட்டி கேரளாவுல பாலக்காட்டுப் பக்கம், வீட்டுத் திண்ணைல ஒரு டேபிள் போட்டு பாக்ஸ் ரிப்பேர்ல ஆரம்பிச்சு இப்ப கஞ்சிக்கோட்டுல ஒரு வாடகை ஷெட்டுல சின்னதா ஒரு தயாரிப்பு லைன் ஓட்டிட்டு இருக்கேன், பெரிய கம்பெனின்னு சொல்ல வரல, ஆனா இந்த தொழில்ல எது எப்படி வளருது எங்க அடி விழுதுன்னு கையால தொட்டு பாத்தவன்.

மொதல்ல ஒரு நோட்டு வாங்குங்க. மெஷின் இல்ல, ஷெட் இல்ல, லோன் இல்ல, நோட்டு. இன்னைக்கு உங்க பெஞ்சுக்கு வர்ற ஒவ்வொரு செத்த பாக்ஸுக்கும் ஒரு வரி எழுதுங்க: எந்த ஊரு, எந்த ஆபரேட்டரு, எந்த மாடல், வாங்கி எத்தன மாசம், எது போயிருந்துச்சு, மழைக்கு முன்னாடியா பின்னாடியா. நாங்க இத ரிட்டர்ன் நோட்டுன்னு சொல்றது. நான் வளர்ந்தது எல்லாமே இந்த நோட்ட பாத்துதான், எத்தன பாக்ஸ் வித்தேன்கறத விட எத்தன பாக்ஸ் திரும்பி வந்துச்சுங்கற கணக்குதான் அடுத்து என்ன பண்ணோணும்னு எனக்கு சொல்லுச்சு.

ஒரு பாக்ஸ தொறந்து காட்றேன் வாங்க. ஏப்ரல் மாசம், நம்ம பாலக்காட்டு கணவாய் பக்கம் வெயில் 40 டிகிரி தாண்டுற நேரம், கோவிந்தாபுரத்துல ஒரு வீட்ல இருந்து வந்த பாக்ஸ். மேல தூசி, ஆனா நடுவுல மட்டும் சதுரமா சுத்தமா இருக்கு, ஏன்னா அந்த இடத்துல ஒரு பூ வேலை செஞ்ச துணி மடிச்சு போட்டிருந்துருக்காங்க, பாக்ஸ் அழுக்காகக் கூடாதுன்னு பாவம் பாசமா போட்ட துணி, அது காத்து போற ஓட்டைய எல்லாம் மூடிருச்சு. ஸ்க்ரூவ கழட்டுனா ஒரு கருகல் வாசம், பவர் வர்ற இடத்துல நிக்கற எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் ரெண்டும் தலை உப்பி இருக்கு, பக்கத்துல பிசின் மாதிரி பழுப்பா கசிஞ்சு காஞ்சிருக்கு, சிப்புக்கு மேல ஒட்டுன அலுமினிய ஹீட் சிங்க் ஒரு ஓரமா தூக்கிட்டு நிக்குது. இன்னொரு மூலைல எறும்பு கூடு கட்டி வெள்ளை முட்டை, சூடு இருக்கற இடம் தேடி எறும்பும் கரப்பானும் வந்துரும். இந்த ஒரு பாக்ஸ்லயே நாலு பாடம் இருக்கு: கெப்பாசிட்டர் 85 டிகிரி ரகம் போட்டிருந்தாங்க, 105 டிகிரி ரகம் போட்டிருக்கோணும், பத்து டிகிரி சூடு ஏறுனா கெப்பாசிட்டர் ஆயுசு பாதியா கொறையும்ங்கறது பழைய கணக்கு, அது சரியாத்தான் இருக்கு. காத்து ஓட்டைய மேல மட்டும் வெச்சிருந்தாங்க, பக்கவாட்டுலயும் அடியிலயும் வேணும், துணி போடாதீங்கன்னு நம்மூர் அம்மாக்கள்கிட்ட சொல்லி மாத்த முடியாது, டப்பாவத்தான் மாத்தோணும். ஹீட் சிங்க் பசை தரமில்ல. ஓட்டை பெருசு, எறும்பு உள்ள போவுது. இத எல்லாம் எந்த டேட்டாஷீட்டும் சொல்லாது.

எங்க நோட்டுல முதல் வருஷம் எழுதுனத கூட்டி பாத்தப்ப மூணு விஷயம்தான் திரும்ப திரும்ப வந்துச்சு, அடாப்டரும் பவர் பகுதியும், இடி மின்னல்ல செத்த டியூனர், அதாவது கேபிள்ல வர்ற சிக்னல புடிக்கற பகுதி, அப்புறம் ரிமோட் சென்சர். டியூனர் விஷயம் இங்க ரொம்ப முக்கியம், நம்ம கேபிள் லைன் எல்லாம் தென்னந்தோப்பு வழியா போஸ்ட்டு மேல போஸ்ட்டு கட்டி வர்றது, ஐப்பசி மழைல ஒரு இடி விழுந்தா சர்ஜ், அதாவது திடீர்னு பாயற அதிக கரண்ட், கேபிள் வழியாவே உள்ள வந்து முதல்ல டியூனர அடிக்கும், சில சமயம் எச்டிஎம்ஐ வழியா டிவி வரைக்கும் போயிரும். பாக்ஸோட அடாப்டர் ரெண்டு பின்னு, எர்த் கிடையாது, அதனால கேபிள் நுழையற இடத்துலயே சர்ஜ் அடக்கற பாகம் வைக்காம விட்டா அது உங்க தலைல வந்து விழும். ஒரு பாக்ஸுக்கு சில ரூபாய் மிச்சம் பிடிக்கறேன்னு இத எடுத்துட்ட டிசைன்கள் நெறைய பாத்துட்டேன். ஆபரேட்டர்கிட்டயும் சொல்லோணும், லைன்ல சிக்னல பிரிச்சு அனுப்பற நோடுக்கும் சிக்னல கூட்டற ஆம்ப்ளிஃபயருக்கும் ஒழுங்கா எர்த் போடுங்கன்னு, போட்டவங்க ஏரியால இருந்து ரிட்டர்ன் கண்ணுக்கு தெரியற அளவுக்கு கொறையுது.

சரி, இந்த தொழிலுக்கு தேவை எப்படி வருதுன்னு புரிஞ்சுக்கோங்க, இல்லன்னா தப்பான நேரத்துல மெஷின் வாங்கி மாட்டிப்பீங்க. கேபிள் பாக்ஸ வீட்டுக்காரங்க கடைல போய் பாத்து வாங்கறதில்ல, எம்எஸ்ஓவும் (ஊர் ஆபரேட்டர்ங்களுக்கு சிக்னல் குடுக்கற பெரிய கேபிள் கம்பெனி) ஆபரேட்டரும்தான் மொத்தமா வாங்கறாங்க, அவங்களும் அரசாங்கம் கெடு வெச்சா அவசரமா வாங்குவாங்க, கெடு முடிஞ்சா நிறுத்திருவாங்க. 2003 செப்டம்பர்ல சென்னைல தான் முதன்முதலா காஸ் (சிஏஎஸ், காசு கட்டுனவங்களுக்கு மட்டும் சேனல் தொறக்கற பூட்டு) முறை வந்துச்சு, பே சேனலுக்கு பாக்ஸ் வேணும்னு. அப்புறம் 2011ல கேபிள் சட்டத்த திருத்தி நாடு முழுக்க டிஜிட்டல் ஆக்கணும்னு நாலு கட்டமா கெடு வெச்சாங்க, பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31, அடுத்த 38 ஊருக்கு 2013 மார்ச் 31, அதுல கோயம்புத்தூரும் உண்டு, மத்த நகரங்களுக்கு 2015 டிசம்பர் 31, நம்ம கொழிஞ்சாம்பாறை மாதிரி கிராமப் பஞ்சாயத்துகளுக்கு கடைசியா தள்ளிப்போட்டு 2017 மார்ச் 31. கோர்ட்டு கேஸ்னு அங்கங்க இழுத்துச்சு, ஆனா பாக்ஸ் ஆர்டர் இந்த தேதிகள ஒட்டித்தான் மலை மாதிரி ஏறி எறங்குச்சு. அந்த நேரத்துல பெரும்பாலும் சீனாவுல இருந்து கப்பல்ல வந்த பாக்ஸ்தான், இங்க செய்யறவங்களுக்கு கொஞ்சம் மூச்சு விடட்டும்னு 2013 பட்ஜெட்ல இறக்குமதி வரிய 5 சதவீதத்துல இருந்து 10 ஆக்குனாங்க.

அதே 2017ல எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு அரசு கேபிளுக்கு டிஜிட்டல் லைசென்ஸ் ஏப்ரல்ல கெடச்சு செப்டம்பர்ல இருந்து இலவசமா பாக்ஸ் குடுக்க ஆரம்பிச்சாங்க. இந்தப் பக்கம் நம்ம ஆபரேட்டர்ங்க கிட்ட ஜனங்க "அங்க சும்மா தர்றாங்க நீங்க ஏன் காசு கேக்கறீங்க"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க, ஒரு ரோடு தாண்டுனா தமிழ்நாடு, சொந்தக்காரங்க வீடு அங்க இருக்கு, கேக்கத்தான் செய்வாங்க. இதுல இருந்து நான் கத்துக்கிட்டது, கெடு தேதிய நம்பி மெஷின் வாங்கக்கூடாது. கெடு நேரத்து ஆர்டர வெளிய குடுத்து செய்யுங்க, கெடு முடிஞ்சப்புறமும் மாசா மாசம் வர்ற ஆர்டர், அதாவது செத்த பாக்ஸுக்கு மாத்து, புது வீட்டு கனெக்சன், இதுக்கு எவ்ளோ வேணுமோ அந்த அளவுக்குத்தான் சொந்த லைன்.

அடுத்த படி ரீஃபர்பிஷ். ரிப்பேர்ல இருந்து நேரா தயாரிப்புக்கு தாவாதீங்க. ஆபரேட்டர்கிட்ட மூலைல குமிஞ்சு கிடக்கற நூறு எரநூறு பழைய பாக்ஸ மொத்தமா வாங்கி, டெஸ்ட் பண்ணி, கெப்பாசிட்டர் மாத்தி, புது கேபினட் புது ரிமோட் போட்டு, ஆறு மாசம் கேரண்டியோட அவங்களுக்கே திருப்பி குடுங்க. இதுல லாபம் பெருசா இல்ல, ஆனா நாலு விஷயம் கைக்கு வருது: பாகம் எங்க என்ன வெலைன்னு தெரியும், வரிசையா உக்காந்து ஒரே வேலைய பண்ற ஆளுங்க தயாராவாங்க, கேரண்டின்னா என்னன்னு உடம்புக்கு உறைக்கும், முக்கியமா ஆபரேட்டர்ங்க உங்கள நம்புவாங்க. எங்க முதல் சொந்த ஆர்டர் வந்ததே ஒரு ஆபரேட்டர் சேட்டன் "நிங்கள் திருப்பித் தந்த பாக்ஸ் ஒண்ணும் திரும்பி வரல, புதுசும் நீங்களே செய்யலாமே"ன்னு கேட்டதுலதான்.

இனி சொந்த பாக்ஸ். உள்ள இருக்கற மெயின் சிப்ப நீங்க செய்யப் போறதில்ல, போர்டு டிசைனையும் ஆரம்பத்துல சொந்தமா போடாதீங்க, சிப் கம்பெனிக்காரங்களே ஒரு ரெஃபரன்ஸ் டிசைன் தருவாங்க, அத எடுத்து பவர் பகுதி, சர்ஜ் பகுதி, டப்பா இதுல மட்டும் உங்க நோட்டு சொன்ன மாத்தத்த பண்ணுங்க. ஆனா எந்த சிப்புங்கறத பத்து தடவ யோசிங்க. எஸ்டி மைக்ரோ எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்துல செட்டாப் பாக்ஸ் சிப்புல பெரிய பேரு, 2016 ஜனவரில நாங்க இந்த பிசினஸ விட்டு வெளிய வர்றோம்னு அறிவிச்சுட்டாங்க. அந்த சிப்ப வெச்சு பாக்ஸ் செஞ்சவங்க எல்லாம் புது சிப்புக்கு சாஃப்ட்வேர் திரும்ப எழுதி, திரும்ப காஸ் டெஸ்ட் பண்ணி, திரும்ப சர்டிஃபிகேட் வாங்கின்னு அலையோணும். அதனால ரெண்டு சிப்புக்கு டிசைன் கைல வெச்சுக்கோங்க, ஒண்ணு ஓடிட்டு இருக்கும்போதே ரெண்டாவதுல ஒரு அம்பது பாக்ஸ் செஞ்சு ஃபீல்டுல விட்டு வைங்க. மெமரி சிப் வெலையும் அப்படித்தான், ஏறுனா ஒரே மாசத்துல உங்க மொத்த லாபத்தையும் தின்னுரும், 2021ல சிப் தட்டுப்பாடு வந்தப்ப காசு கைல இருந்தும் சரக்கு கெடைக்காம ஷெட்ட பூட்டி வெச்சவங்கள எனக்குத் தெரியும். ஆர்டர் கையெழுத்தாகற அன்னைக்கே சிப்பும் மெமரியும் புக் பண்ணிருங்க, அதுக்கு ஆகற பணத்த அட்வான்ஸா கேளுங்க, கூச்சப்படாதீங்க.

காஸ் பத்தி தனியா சொல்லோணும், ஏன்னா ரிப்பேர்ல இருந்து வர்றவங்களுக்கு தெரியாத உலகம் அது. பாக்ஸுக்கு படம் தெரியறதுக்கு சேனல் பூட்ட தொறக்கற சாவி வேணும், அந்த பூட்டு சாவி வேலைதான் காஸ். ஆபரேட்டர் எந்த காஸ் வெச்சிருக்காரோ அந்த கம்பெனி உங்க பாக்ஸ டெஸ்ட் பண்ணி ஒத்துக்கிட்டாத்தான் அங்க ஓடும், ஒரு ஊருக்கு செஞ்ச பாக்ஸ் பக்கத்து ஊர் நெட்வொர்க்ல வெறும் டப்பா. எந்த நெட்வொர்க்லயும் ஓடற மாதிரி பாக்ஸ் வரணும்னு டெலிகாம், டிவி துறைய ஒழுங்குபடுத்தற டிராய் 2020 ஏப்ரல்ல சிபாரிசு பண்ணுச்சு, ஆனா உங்க பிசினஸ அத நம்பி போடாதீங்க. இப்ப வர்றதுல முக்காவாசி கார்டு இல்லாத காஸ், ஒவ்வொரு சிப்புக்குள்ளயும் ஒரு நம்பர் இருக்கும், அந்த சிப்புக்கான ரகசிய சாவிய லைன்லயே எழுதுவாங்க, எழுதுனா எழுதுனதுதான், அழிக்க முடியாது.

இங்கதான் எங்களுக்கு பெரிய அடி விழுந்துச்சு. சாவி எழுதற மேசைக்கும் ஸ்டிக்கர் ஒட்டற மேசைக்கும் நடுவுல ஒரு நாள் ஒரு ட்ரே கீழ விழுந்துச்சு, பொறுக்கி அடுக்கறப்ப வரிசை மாறிருச்சு, யாரும் கவனிக்கல, ஸ்டிக்கர் நம்பர் ஒண்ணு உள்ள சிப் நம்பர் ஒண்ணுன்னு முன்னூத்தி சொச்சம் பாக்ஸ் போயிருச்சு. வீட்ல மாட்டி ஆபரேட்டர் ஆஃபீஸ்ல இருந்து ஸ்டிக்கர் நம்பர ஆக்டிவேட் பண்ணா வேற யாரோ வீட்ல படம் வருது, இந்த வீட்ல வரல. ஒரு அம்மா சீரியல் நேரத்துக்கு போன் பண்ணி "பாக்ஸ் கேடாயி, பாக்ஸ் கேடாயி"ன்னு அழுகாத கொறை. பதினோரு நாள், நானும் ரெண்டு பசங்களும் பைக்ல வீடு வீடா போயி ஒவ்வொரு பாக்ஸுலயும் மெனு தொறந்து உள் நம்பர பாத்து ஸ்டிக்கர மாத்துனோம். அதுக்கப்புறம் வெச்ச விதி: பாக்ஸ் மூடி ஸ்க்ரூ போட்டப்புறம், கடைசி டெஸ்ட்ல, பாக்ஸே தன் நம்பர ஸ்க்ரீன்ல காட்டும், அத ஸ்கேனர் படிக்கும், அந்த நம்பர்ல இருந்துதான் ஸ்டிக்கர் ப்ரிண்ட் ஆகும், முன்கூட்டி அடிச்சு வெச்ச ஸ்டிக்கர் ரோல் ஷெட்டுக்குள்ளயே வரக்கூடாது. நீங்க முதல் நாள்ல இருந்தே இப்படி பண்ணுங்க.

பிஐஎஸ், அதாவது இந்திய தர நிர்ணய அமைப்போட பதிவு இல்லாம ஒரு பாக்ஸ் கூட விக்கக்கூடாது, செட்டாப் பாக்ஸ் 2012ல வந்த கட்டாயப் பதிவு ஆணைல முதல் பட்டியல்லயே இருக்கு. பிஐஎஸ் அங்கீகரிச்ச லேப்ல சாம்பிள் குடுத்து டெஸ்ட் ரிப்போர்ட் வாங்கி ஆன்லைன்ல போட்டா ஆர்ல ஆரம்பிக்கற ஒரு நம்பர் வரும், அது பாக்ஸ்ல அச்சடிக்கோணும். நெறைய பேருக்கு தெரியாதது என்னன்னா அந்தப் பதிவு ஃபேக்டரி விலாசத்துக்குத்தான், கம்பெனி அதேதான் ஷெட்ட மட்டும் மாத்துனேன்னு சொல்ல முடியாது, புது விலாசத்துக்கு புதுசா வாங்கோணும். அதனால வாடகை ஷெட் பாக்கறப்பவே நாலஞ்சு வருஷத்துக்கு அக்ரிமெண்ட் போடுங்க, ரெண்டாயிரம் ரூபா வாடகை கொறையுதுன்னு அடுத்த வருஷம் மாறுனா அத விட பத்து மடங்கு செலவும் ரெண்டு மூணு மாச வேலையும் போகும். அடாப்டருக்கும் தனியா பதிவு உண்டு, அடாப்டர் வாங்கறப்ப அந்த நம்பர பிஐஎஸ் சைட்ல போட்டு நெசமான்னு பாருங்க, மேல அச்சடிச்சத நம்பாதீங்க. சாம்பிளுக்கு ஒரு அடாப்டர் காட்டி லோடுல வேற அடாப்டர் அனுப்புன சப்ளையர் எங்களுக்கு கெடச்சார், அந்த பேட்ச்ல 12 வோல்ட் அடாப்டர் கரண்ட் இழுத்தா பத்துக்கு எறங்குது. இப்ப ஒவ்வொரு லோடுலயும் கை போன போக்குல இருவது எடுத்து முழு கரண்ட்டும் இழுக்க விட்டு ஒரு ராத்திரி ஓட்டிட்டுத்தான் பில்லுக்கு கையெழுத்து போடறது.

எஸ்எம்டி, அதாவது போர்டுல பாகம் பொருத்தற வேலை. ஆரம்பத்துல சொந்தமா வாங்கவே வாங்காதீங்க, கோயம்புத்தூர்லயும் பெங்களூர்லயும் ஜாப் வொர்க்குக்கு பண்ணித் தர்றவங்க இருக்காங்க. பாகத்த நீங்க குடுங்க, போர்ட அவங்க பண்ணட்டும், மூடி டெஸ்ட் பண்ற வேலை உங்க ஷெட்ல. வாளையாறு தாண்டி சரக்கு போய் வர்றதுல ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, பொதுவா அம்பதாயிரத்துக்கு மேலதான் இ-வே பில்லு (சரக்கு கூடவே போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டு) வேணும்னு நெனச்சுட்டு இருப்பீங்க, வேற மாநிலத்து ஜாப் வொர்க்கருக்கு அனுப்பற சரக்குக்கு மதிப்பு எவ்ளோ கொறைவா இருந்தாலும் இ-வே பில் வேணும், டெலிவரி சலானும் வேணும். செக் போஸ்ட் எடுத்துட்டாங்க, முந்தி மாதிரி லாரி வரிசை நிக்கறதில்ல, ஆனா ஸ்குவாட் நிறுத்துவாங்க, ஒரு பெட்டி சிப்ப சலான் இல்லாம பைக்ல எடுத்துட்டு போயி மாட்டுனா அபராதம் கட்டி முடியாது. பாகம் அனுப்புன ஒரு வருஷத்துக்குள்ள திரும்பி வரோணும், மிஞ்சுன ரெசிஸ்டர் ரோல் வரைக்கும் கணக்கு வைங்க.

சொந்த லைன் போடற நேரம் வந்தப்புறம், மெஷின் வெலைய விட சின்ன விஷயங்கள்தான் காச தின்னும். பாகத்த போர்டுல ஒட்டற சால்டர் பேஸ்ட் டப்பா ஃப்ரிட்ஜ்ல இருக்கோணும், எடுத்த ஒடனே தொறக்கக்கூடாது, நாலு மணி நேரம் மூடியோட வெளிய வெச்சு அறை சூட்டுக்கு வந்தப்புறம்தான் தொறக்கோணும். எங்க லைன்ல புதுசா வந்த தம்பி அவசரத்துல குளிரோட தொறந்துட்டான், ஆடி மாசம், காத்துல ஈரம் தளும்புது, பேஸ்ட் மேல பனித்துளி மாதிரி தண்ணி கோத்துக்கிச்சு, சால்டர் உருக்கற அடுப்புல போனப்ப அந்தத் தண்ணி வெடிச்சு கால் கடுகு சைஸுக்கு ஈய உருண்டைங்க சிப் காலுக்கு நடுவுல சிதறிக் கிடந்துச்சு, லென்ஸ்ல பாத்தா மணல் தூவுன மாதிரி. இப்ப டப்பா மேல ரெண்டு நேரம் பேனால எழுதறோம், ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த நேரம், தொறக்கலாம்கற நேரம். சிப்பு கவர் தொறந்து வெச்சு ரெண்டு நாள் விட்டாலும் ஈரம் இழுத்துக்கும், அப்படியே அடுப்புல விட்டா உள்ளுக்குள்ள விரிசல் விட்டு ஆறு மாசம் கழிச்சு வீட்ல சாகும், கவர் மேல எத்தன மணி நேரம்னு போட்டிருக்கும், தாண்டுனா மிதமான சூட்டுல வாட்டி ஈரத்த எடுத்துட்டுத்தான் பொருத்தோணும். மணிக்கட்டு பட்டை எல்லாரும் போடோணும், முதலாளியும்தான், பட்டைக்குள்ள 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கும், வயர வெட்டி ஒட்டு போடாதீங்க. கஞ்சிக்கோட்டுல ஷெட் எடுக்கறீங்கன்னா மொதல்ல எர்த் பிட் தோண்டி டெஸ்ட் பண்ணுங்க, கோடைல மண்ணு காஞ்சு எர்த் ரெசிஸ்டன்ஸ் ஏறிரும், வாரா வாரம் தண்ணி ஊத்தோணும்.

ஆளு விஷயத்துல எங்களுக்கு யோகம்னுதான் சொல்லோணும். ஐடிஐ லிமிடெட் (படிக்கற ஐடிஐ இல்ல, அரசாங்க டெலிபோன் கம்பெனி) பாலக்காடு ஃபேக்டரி எழுபதுகள்ல இருந்து இங்க இருக்கு, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் செஞ்ச இடம், அங்க வேலை பாத்து ரிட்டையர் ஆன ஒரு மாமா எங்க லைன ஒரு மாசம் கூட இருந்து ஒழுங்கு பண்ணி குடுத்தாரு, சால்டர் ஜாயிண்ட்ட வெறும் கண்ணால பாத்தே இது சரியா உருகி ஒட்டாத குளிர் ஜாயிண்ட்ன்னு சொல்லிருவாரு. இந்த மாதிரி பெரியவங்க உங்க பக்கத்துலயும் இருப்பாங்க, தேடிப் புடிங்க, மரியாதையா கூப்புடுங்க, சம்பளம் குடுங்க. லைன்ல பாதி பேரு தமிழ், பாதி பேரு மலையாளம், அதனால வேலை முறை எழுதுன போர்டு ரெண்டு பாஷைலயும் தொங்கோணும், பாக்ஸோட வர்ற தாளும் ரெண்டு பாஷைல.

டெஸ்ட்டுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. ஏசி ரூம்ல ஓடற பாக்ஸ் எல்லாமே நல்லாத்தான் ஓடும். நாங்க ஒரு பழைய இரும்பு பீரோல பல்பு மாட்டி உள்ள 50 டிகிரி வர வெச்சு ஒவ்வொரு பேட்ச்ல இருந்தும் கொஞ்சம் எடுத்து ரெண்டு நாள் ஓட்டறோம், மேல துணிய போட்டும் ஓட்டறோம், அந்த பூத்துணி மாதிரியே மடிச்சு. அப்புறம் சிக்னல். சிக்னல் கெளம்பற ஹெட் எண்டு பக்கத்துல நல்ல சிக்னல்ல டெஸ்ட் பண்ணி அனுப்பறாங்க, ஆனா லைன் கடைசில தோட்டத்துக்குள்ள ஒரு வீடு இருக்கும், ஏழெட்டு ஸ்ப்ளிட்டர் தாண்டி ஜாயிண்ட்ல பச்சை பூத்துப்போயி சிக்னல் சொட்டு சொட்டா வரும், அங்கதான் உங்க பாக்ஸ்ல படம் கட்டம் கட்டமா ஒடையும். அட்டெனுவேட்டர் போட்டு சிக்னல கொறச்சுட்டே போயி எந்த எடத்துல ஒடையுதுன்னு ஒவ்வொரு பேட்சுக்கும் நோட்டுல எழுதுங்க, போன பேட்ச விட மோசமானா லோடு அனுப்பாதீங்க.

பணம். இந்த தொழில்ல பாக்ஸ் நல்லா இருந்தும் செத்த கம்பெனிங்க எல்லாம் கடன்லதான் செத்துச்சு. எம்எஸ்ஓ தொண்ணூறு நாள்ம்பாங்க, அது நூத்தம்பது ஆகும், சிப்புக்காரன் முன்பணம் இல்லாம தர மாட்டான், ஜிஎஸ்டி 18 சதவீதம் நீங்க கைல இருந்து கட்டியாகோணும், அவங்க காசு குடுத்தாலும் குடுக்காட்டியும். எங்க வளர்ச்சி வேகமா போயிட்டு இருந்த வருஷம் மொத்த ஆர்டர்ல முக்காவாசி ஒரே வாடிக்கையாளர், அவங்க ஏழு மாசம் பில்ல நிறுத்தி வெச்சாங்க, சம்பளத்துக்கு வீட்டு நகை பேங்குக்கு போச்சு, என் வீட்டுக்காரம்மா ஒரு வார்த்த பேசல, அதுதான் இன்னும் வலிக்குது. இப்ப நான் கடைப்பிடிக்கறது, எவ்ளோ பெரிய ஆர்டரா இருந்தாலும் ஒரே ஆளுக்கு பாதிக்கு மேல போகக்கூடாது. உத்யம், அதாவது சிறு குறு தொழிலுக்கான அரசாங்கப் பதிவு, மொத நாளே பண்ணிருங்க, சின்ன யூனிட்டுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள்ள பணம் குடுக்கோணும்னு 2006 சட்டத்துலயே இருக்கு, தாமதமானா வட்டி உண்டு, இப்ப 2023-24 கணக்கு வருஷத்துல இருந்து அந்தக் கெடுவுக்குள்ள குடுக்காட்டி வாங்குனவங்களால அந்த வருஷ வருமான வரில அத செலவா காட்ட முடியாது. இந்த ஒரு வரிய பில்லுக்கு கீழ அச்சடிச்சதுல இருந்து மார்ச் மாசத்துல அக்கவுண்டண்ட்ங்களே போன் பண்றாங்க. சின்ன ஆபரேட்டர்ங்க கூட்டா வாங்கற இடமா பாருங்க, கேரளாவுல ஆபரேட்டர்ங்களே சங்கமா சேந்து கேரளா விஷன் ஆரம்பிச்சு வளத்துட்டாங்க, எல்லைக்கு அந்தப் பக்கமும் பத்து பதினஞ்சு பேர் சேந்து வாங்கறாங்க, ஆர்டர் சின்னதுதான் ஆனா பத்து பேர்ல ரெண்டு பேரு தாமதம் பண்ணாலும் லைன் ஓடும்.

அடுத்து என்ன செய்யறதுன்னு யோசிச்சுட்டே இருக்கோணும், பாக்ஸ் மட்டும்னு இருந்தா கஷ்டம். 2021ல ஏழு கோடிக்கு பக்கத்துல இருந்த டிடிஎச் கனெக்சன் 2025 மார்ச்ல 5.7 கோடிக்கு கொறஞ்சதா டிராய் கணக்கு சொல்லுது, கேபிளும் அதே பாதைதான், நம்ம ஆபரேட்டர்ங்க எல்லாம் இப்ப ஃபைபர் நெட் இழுத்துட்டு இருக்காங்க. வெளிநாட்டுல இந்த தொழில்ல பெருசானவங்க கதைய பாருங்க, கொரியால ஹ்யூமாக்ஸ் 1989ல ஆரம்பிச்சு மொதல்ல கரோக்கே மெஷின் செஞ்சு அப்புறம்தான் சாட்டிலைட் பாக்ஸுக்கு வந்தாங்க, இங்கிலாந்துல பேஸ்னு ஒரு கம்பெனி 1982ல யார்க்‌ஷைர்ல ஆரம்பிச்சு உலகத்துலயே பெரிய பாக்ஸ் தயாரிப்பாளர்கள்ல ஒண்ணா வளர்ந்து கடைசில 2016ல ஆரிஸ் கம்பெனிக்குள்ள போயிருச்சு. அவ்ளோ பெருசா இருந்தவங்களுக்கே அப்படின்னா நாம இன்னும் முன்கூட்டி நகரோணும். நாங்க இப்ப கேபிளும் நெட்டும் சேந்து ஓடற ஹைப்ரிட் பாக்ஸும், ஃபைபர் வீட்டுக்குள்ள வந்து முடியற ஓஎன்யூவும் கொஞ்சம் கொஞ்சமா பண்றோம், அதே லைன், அதே டப்பா அறிவு, அதே அடாப்டர் பாடம், வாங்கறதும் அதே ஆபரேட்டர்தான். ஆனா வைஃபை ப்ளூடூத் உள்ள வந்தா டபிள்யூபிசி (ரேடியோ அலைவரிசைய கவனிக்கற அரசாங்கப் பிரிவு) அனுமதி தனியா வேணும், ஓஎன்யூவுக்கு டெலிகாம் டிபார்ட்மெண்ட் கட்டாய டெஸ்டிங் இருக்கு, இந்த செலவையும் மாசங்களையும் ஆர்டர் வெல சொல்றதுக்கு முன்னாடியே கணக்குல சேத்துக்கோங்க. ஆண்ட்ராய்ட் பாக்ஸ்னு சொல்லி லைசென்ஸ் இல்லாத சாஃப்ட்வேர் போட்டு வர்ற போர்ட வாங்கி மூடி விக்காதீங்க, ஒரு வருஷத்துல அதுல ஆப் ஓடாது, திட்டு நம்ம பேருக்கு வரும்.

இன்னொண்ணு, பெரிய ஷெட்டுக்கு போனாலும் ரிட்டர்ன் பெஞ்ச மூலைக்கு தள்ளிராதீங்க. எங்களுது வாசல்லயே, லைன் தாண்டி யாரு உள்ள வந்தாலும் பாத்துட்டுத்தான் வரோணும். சனிக்கிழமை மத்தியானம் லைன நிறுத்திட்டு அந்த வாரம் வந்ததுல பத்து பாக்ஸ் எடுத்து எல்லாரும் சுத்தி நின்னு தொறப்போம், சால்டர் போட்ட பொண்ணு, ஸ்க்ரூ போட்ட தம்பி, நான், எல்லாரும். போன சனிக்கிழமை தொறந்த பத்துல மூணுல மறுபடி எறும்பு, மூணுமே மீனாட்சிபுரம் பக்கம், ஓட்டைய சின்னது பண்ணியும் எச்டிஎம்ஐ துளைக்கு பக்கத்துல இருக்கற இடுக்கு வழியா போயிருக்கு. அந்த இடுக்குக்கு ஒரு ரப்பர் வளையம் வெட்டிப் பாத்துட்டு இருக்கோம், இந்த வாரம் அம்பது பாக்ஸுக்கு போட்டு அதே ஊருக்கே அனுப்பறோம்.